மர நிறத்தில் ஓர் இரும்புத் துடுப்பு

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் படித்தேன். தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டியே என் மனைவிக்குத் தோள் போய்விட்டது. கிண்டுவதற்கு மரத்துடுப்பு வைத்த மிஷின் செய்ய, இன்று ராஜபாளையத்தில் டிசைன் போடும் தம்பியிடம் போனோம்.

கம்ப்யூட்டரில் துடுப்பு மர நிறத்தில் அழகாகச் சுற்றியது.

"துடுப்பு மட்டும் இருபது கிலோ வருது. பெரிய மோட்டார் வேணும், வீட்டுக் கரண்டு தாங்காது ஐயா" என்றான்.

"அப்ப நான் கையாலயே கிண்டிக்கிடுதேன்" என்று அவள் எழுந்துவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஏன் தம்பி, மரத்துடுப்பு எப்பிடி அம்புட்டு கனம் கனக்கும்?"

அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "மரக் கலர் மட்டுந்தான் குடுத்திருக்கேன் ஆச்சி. மெட்டீரியல் இரும்புன்னே கிடக்கு."

மரம் என்று மாற்றியதும் இரண்டு கிலோ. சின்ன மோட்டாரே போதுமாம்.

"ஏலே, சிரிக்கவா செய்த? அவ தோளு மொத்தமால்லா போயிருக்கும்!" என்று கத்திவிட்டேன்.

இன்னும் எனக்கு ஆறவில்லை. அவளோ அவனுக்குக் கால் கிலோ பால்கோவா கொடுத்துவிடச் சொல்கிறாள்.

கொடுக்கத்தான் வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.