நாமம் தரித்த அமெரிக்க ஆமை

காலை ஆறு இருபது. பூங்காக் குளத்தில் முதலில் தெரிந்தது ஒரு நாமம். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, கீழே பாதம். தென்கலை. அது தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்து, குளத்தின் நடுவே இருக்கும் கல்லின் மேல் சாய்வாக ஏறியது. அதற்குப் பிறகுதான் நாமத்துக்குக் கீழே ஓர் ஓடும், ஓட்டுக்குக் கீழே நான்கு கால்களும் இருப்பது தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் சிவப்புப் பட்டை. கல்லின் மேல் வெயிலுக்காகக் காத்திருந்த கறுத்த நாட்டு ஆமை ஒன்று கழுத்தை நீட்டி, வந்தவரைப் பார்த்தது. வந்தவர் நிற்கவில்லை. நாட்டு ஆமை மறுபக்கம் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திப் பழகியவனுக்கு முதலில் எழும் கேள்வி, யார் என்பது. அன்று விசாரணையே தேவைப்படவில்லை. மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவில் வாசல் கேட்டில் நாமம் வரைந்திருப்பது ஒரே வீடு. அது எங்கள் பக்கத்து வீடு. கேட்டுக்கு அடித்த எனாமல் பெயிண்டின் மிச்சம்தான் ஆமையின் முதுகில் இருந்தது.

அந்த வீட்டு மாமி மேல்கோட்டையில் பிறந்தவர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா பொறியாளர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர்களுடைய மகன் பள்ளியில் படிக்கும்போது மீன்தொட்டிக் கடையிலிருந்து ரூபாய் நாணயம் அளவில் ஓர் ஆமைக்குஞ்சை வாங்கி வந்தான். பச்சைப் பசேலென்று இருந்தது. வீட்டுக்குள் பிராணி கூடாது என்ற மாமி, இதைக் கூர்மாவதாரம் என்று விதிவிலக்காக அனுமதித்தார். பிறகு மகன் படித்து அமெரிக்கா போனான். ஆமை கேரட்டும் கீரையும் தின்று சாப்பாட்டுத் தட்டு அளவு ஆனது.

"அமெரிக்காவுலேர்ந்து ஒண்ணு இங்க வந்தது, இங்கேர்ந்து ஒண்ணு அங்க போச்சு. சரியாப் போயித்து" என்பார் மாமா.

பிளாஸ்டிக் தொட்டியில் அது திரும்பவே இடமில்லாமல் போனபோது மாமிக்கு மனது கேட்கவில்லை. ஓர் ஏகாதசியன்று, புது வாளியில் துளசி போட்டு, ஆமையை அதில் வைத்துப் பூங்காவுக்கு எடுத்துப் போனார். "நானே ஏளப்பண்ணிண்டு போய் விட்டேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். பெருமாளைப் புறப்பாட்டுக்கு எடுத்துப் போவதற்கு வைத்திருக்கும் சொல் அது. கூட்டத்தில் அடையாளம் தெரிய வேண்டுமே என்று முந்தின நாளே மாமாவை முதுகில் நாமம் வரையச் சொல்லியிருந்தார்.

குளம் பெரியதில்லை. பூங்கா வருவதற்கு முன்னால் ஏரியாக இருந்ததன் மிச்சம். நாட்டு ஆமைகள், தவளைகள், சிறு மீன்கள், மழைக்காலத்தில் இரண்டு முக்குளிப்பான் பறவைகள். மாமி தினமும் வீட்டில் தளிகை முடிந்து, பெருமாளுக்குக் காட்டிய பிறகு, அதே பூஜை மணியை எடுத்து வந்து குளக்கரையில் அடிப்பார். நாமம் கரைக்கு வரும். கேரட் துருவல் விழும். நடைப்பயிற்சிக்கு வந்த சிலர் மணிச் சத்தம் கேட்டு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு பெண் குடி வந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர். கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். கழுத்தில் பைனாகுலரோடு நடப்பவர். முதல் வாரமே குளக்கரையில் நின்று, மணியோடு வந்த மாமியிடம் கேட்டார்:

"ஏனுங்கம்மா, இது உங்க ஆமைங்களா?"

"எங்களுதுதான். சேவிச்சுக்கோ."

"சேவிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லீரட்டுங்களா? இது நம்மூர் ஆமை இல்லைங்க. அமெரிக்கா. இங்க விடவே கூடாதுங்க."

"விட்டாச்சே."

"புடிச்சாகணுமுங்க. இது நம்ம ஆமைகள வெயில்ல உக்கார உடாது. தவள முட்டை, மீன் குஞ்சு, எல்லாத்தையும் தின்னுபோடும். நாலு வருசத்துல இந்தக் குளத்துல நாமம் மட்டுந்தான் மிச்சம் இருக்கும்."

"எங்காத்துல வளந்தது. மீன் குஞ்செல்லாம் தொடாது. சுத்த சைவம்."

விரிவுரையாளர் பைனாகுலரைக் கழற்றி மாமியிடம் நீட்டினார். மாமி பார்த்தார். நான் வெறும் கண்ணாலேயே பார்த்தேன். நாமத்துக்கு முன்னால், வாயின் ஓரத்தில், ஒரு தவளையின் பின்னங்கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"பிடிச்சு?" என்றார் மாமி, பைனாகுலரை இறக்காமல்.

"டாக்டர் ஊசி போடுவாருங்க. வலி இருக்காது."

மாமியின் கையிலிருந்த மணி தானாக ஒரு தடவை அடித்தது.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டம் பூங்கா மண்டபத்தில் நடந்தது. தண்ணீர், குப்பை, தெருவிளக்கு முடிந்து கடைசியாக ஆமை. நான் எத்தனையோ கூட்டங்களில் குறிப்பெடுத்திருக்கிறேன். ஆமைக்குக் கிடைத்த கவனம் தண்ணீருக்குக் கிடைத்ததில்லை. செயலாளர் கன்னடத்தில் ஆரம்பித்தார். அமெரிக்காவிலேயே திருப்பி விட்டுவிடலாமே, மகன்தான் அங்கே இருக்கிறானே என்றார்.

"அவனுக்கே இன்னும் கிரீன் கார்டு வரலை" என்றார் மாமா. "இதுக்கு யார் ஸ்பான்சர் பண்ணுவா?"

வெளியிலிருந்து வந்தது என்பதற்காகக் கொல்வது நியாயமா என்று ஒருவர் கேட்டார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். என் அப்பா ரயில்வே வேலைக்கு மைசூர் வந்தவர். எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மாமி. "எங்க பெரியவா எந்தக் காலத்துலயோ மேல்கோட்டைக்கு வந்தா. யாராவது ஊசி போட்டாளா?"

சிரிப்பு அடங்கியதும் விரிவுரையாளர் சொன்னார். "நீங்க வந்து யாரைங்கம்மா கல்லுலருந்து தள்ளி உட்டீங்க? வந்தது தப்பு இல்லீங்க. அது தானா வரவும் இல்ல. கடைக்காரர் வித்தாரு, நீங்க உட்டீங்க. பாவம் அதுக்கு என்ன தெரியும்? ஆனா அந்த நாட்டு ஆமைக்கு இந்தக் குளத்த உட்டா வேற வீடு இல்லைங்க."

"அப்போ மேல்கோட்டைக் கல்யாணிக் குளத்துல விட்டுடறேன். பெருமாள் பாத்துப்பார்."

"ஐயோ, வேண்டவே வேண்டாமுங்க! அங்கயும் மீனும் ஆமையும் இருக்குதுங்க!"

முடிவில் ஓர் உடன்பாடு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூண்டும் டாக்டரும் வருவார்கள். அதற்குள் மாமி தன் கையாலேயே ஆமையைப் பிடித்து, மொட்டை மாடியில் பெரிய தொட்டி கட்டி, மேலே வலை போட்டு, அது சாகும்வரை வைத்துக்கொள்வதானால் ஊசி வேண்டாம்.

"எத்தனை நாள் இருக்கும் அது?" என்றார் மாமா.

"நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் இருவது வருசம்கூட இருக்குமுங்க."

மாமா மாமியைப் பார்த்தார். "அதுக்கு நாம இருக்கணுமே!"

"இருப்போம்" என்றார் மாமி.

தொட்டி மூன்றே நாளில் தயாரானது, பொறியாளர் அல்லவா. ஆனால் ஆமை வரவில்லை. திங்கள்கிழமை மணி அடித்தார் மாமி. கல்லிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, தண்ணீருக்குள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கரை வரை வந்தது. மாமா பின்னால் துணிக்கூடையை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டது. புதன்கிழமை மாமா கூடையோடு குனிந்தார், செருப்பு வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். கூடையில் விழுந்தது ஒரு நாட்டு ஆமை.

"ஏன்னா, அது நம்மளது இல்லை, விடுங்கோ!"

"நாமம் இருக்கான்னு பாத்துட்டுப் பிடிக்கறதுக்கு நான் என்ன கோயில் வாசல்லயா நிக்கறேன்?"

விரிவுரையாளர் கரையில் நின்று சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "அம்மா, அது மணிச் சத்தத்துக்கு வரலீங்க. உங்க புடவையப் பாத்து வருது. ஐயாவ வீட்லயே உட்டுட்டு வாங்க."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாமி தனியாக, தினமும் கட்டும் அதே அரக்கு நூல் புடவையில் வந்தார். ஆமையையே காணவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்த பிறகு எங்களுக்குக் கேலி வரவில்லை. வெள்ளியன்று என் மனைவியிடம், "ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்கலேன்னா, நானே கொண்டுபோய் விட்டு நானே கொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

சனிக்கிழமை காலை அது கிடைத்தது. குளத்தில் அல்ல; குழந்தைகளின் சறுக்கு மரத்துக்குக் கீழே, மணலில். பின்னங்கால்களால் குழி பறித்து, குழியை மூடிக்கொண்டிருந்தது. மாமி ஓடவில்லை. மெல்ல நடந்து போய், இரண்டு கையாலும் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டார். அது காலை ஆட்டியது. மாமா கூடையோடு வந்தார்; நானும் என் மனைவியும் பின்னால்.

விரிவுரையாளர் மண்டியிட்டு மணலை விரலால் விலக்கினார். வெள்ளையாக, நீள்வட்டமாக, ஒரு கை கொள்ளாத முட்டைகள்.

"இத்தனை வருஷமா அவன் அவன்னு கூப்பிட்டுண்டிருந்தோமே" என்றார் மாமா.

"ஜோடியே இல்லாம முட்டை எப்படி?" என்றார் மாமி.

"ஜோடி இல்லாமயும் போடுமுங்க, அது பொரிக்காது. ஆனா குளத்துல உங்களது மட்டுந்தான் இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? உங்கள மாதிரி இன்னொரு பக்தர் உட்டிருக்கலாம். பொரிச்சா அத்தனையும் குளத்துக்குத்தான் போகும்."

"அப்போ?"

"இப்பப் போட்டதுதாங்க. உள்ள இன்னும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஃப்ரீசர்ல ஒரு வாரம் வெச்சாப் போதும்."

மாமி மடியில் இருந்த ஆமையைப் பார்த்தார். அதன் தலை உள்ளே போய்விட்டிருந்தது. "இதை ஊசியிலேர்ந்து காப்பாத்தினேன். இதோட முட்டைய..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "பொரிச்சா அந்தக் கறுப்பு ஆமைக்கு இடம் இருக்காது. அப்படித்தானே?" என்று கேட்டார்.

"அப்படித்தானுங்கம்மா."

என் வீட்டுக்காரி முன்வந்தாள். "மாமி, எங்க ஃப்ரிட்ஜுல வைக்கறோம். எங்க வீட்டுல முட்டை புதுசு இல்ல. உங்க வீட்டுல எதுக்கு?"

மாமி வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் அதுவரை ஒரு முட்டை போனதில்லை. மகன் ஒரு தடவை முட்டை போட்ட கேக் வாங்கி வந்தபோது, அது ஸ்கூட்டரின் டிக்கியிலேயே இரவு முழுக்க இருந்தது. மாமா ஒருவிதமான நிம்மதியோடு என் மனைவியைப் பார்த்தார்.

"பேடா" என்றார் மாமி. வேண்டாம் என்பதை அவர் கன்னடத்தில் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "விட்டது நான். எங்காத்துலயே ஆகட்டும்."

விரிவுரையாளர் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமி அவற்றைத் தன் கையாலேயே எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினார். மாமா ஆமைக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போனதும் மாமி ஃப்ரிட்ஜைக் காலி செய்தார். கறிவேப்பிலை, மாவு, ஊறுகாய் எல்லாம் சமையலறை மேடைக்கு வந்தன. டப்பா மட்டும் உள்ளே போனது.

அந்த வாரம் முழுவதும் பெருமாளுக்கு உரிய பால் எங்கள் ஃப்ரிட்ஜில், கோழிமுட்டை வரிசைக்குக் கீழ்த் தட்டில் இருந்தது.