பல்லியைத் தொட்ட கை

காஞ்சிபுரத்துக்காரி என்று எங்கே போய்ச் சொன்னாலும் இரண்டே கேள்விதான் வரும். முதலாவது பட்டுப்புடவை. நல்ல கடை எது, உங்களுக்குத் தெரிந்த தறிக்காரர் இருக்கிறாரா, எனக்கு ஒன்று எடுத்துத் தர முடியுமா. இரண்டாவது பல்லி. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கூரையில் ஒரு தங்கப் பல்லியும் ஒரு வெள்ளிப் பல்லியும் பதித்திருக்கும். அவற்றைத் தொட்டவர்கள் மேல் பல்லி விழுந்தால் தோஷம் கிடையாதாம். போதாததற்கு, தொட்டவர்களைத் தொட்டாலே தோஷம் போய்விடுமாம்.

நான் தொட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில் பிறந்து அறுபது வயதுக்கு மேல் ஆகியும் தொட்டதில்லை. அப்பா கருப்புச் சட்டைக்காரர். "எங்க வழுக்கும்னு பல்லிக்கே தெரியல, உனக்கு நடக்கப்போறது இன்னான்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்பார். நானும் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது என்று பாடம் நடத்தும்போது, உள்ளூர்க் கோயில் பல்லியை நான் தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான்தான் இலங்கையில் போய், தொட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா கிடக்கப் பிடிக்காமல் எட்டு நாள் இலங்கைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டூர் பஸ்ஸில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். "தேனி வந்தாச்சா, காஞ்சிபுரம் ஏறியாச்சா" என்றுதான் வழிகாட்டிப் பையன் ஆள் எண்ணுவான். எனக்கு முன் இருக்கையில் கோபிசெட்டிபாளையத்துத் தம்பதி. ஆகவே அவர் கோபி ஐயா, அந்த அம்மா கோபி அம்மா.

ஐயா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "முப்பது வருசம் ரோட்டை மட்டுந்தானுங்க பாத்தேன். பின்னால உக்காந்தவனெல்லாம் மலை, அருவின்னு பாத்துட்டு வந்தான். இனி நானும் ஜன்னலோரம் உக்காந்து பாக்கோணும்" என்றார். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தார். ஆனால் வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்தும். அதைப் பார்த்து அந்த அம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. சீக்கிரத்தில் யாரையும் பிடித்துப்போகிற ஆள் இல்லை நான்.

மூன்றாம் நாள் தம்புள்ளை பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். அன்று சிகிரியா. காட்டு நடுவில் ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் பாறை, அதன் உச்சியில் ஒரு பழைய ராஜாவின் அரண்மனை இருந்த இடம். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாக எழுப்பிவிட்டார்கள். நான் இடியாப்பத்தைக் காரமான தேங்காய்ச் சம்பலில் பிசைந்துகொண்டிருந்தபோது கோபி அம்மா தலை கூடச் சீவாமல் ஓடிவந்தார்.

"டீச்சர், உங்க ஊரு காஞ்சிபுரந்தானுங்களே?"

"ஆமாம்மா, இன்னா விஷயம்?"

"எந்தலைமேல பல்லி வுழுந்துருச்சுங்க. நட்டநடு உச்சியில. தலையில வுழுந்தா சாவுன்னு சொல்லுவாங்கல்லொ? இவரு வேற மலை ஏறியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சுல அடைப்பு எடுத்தவருங்க. மேடு ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்தெல்லாம் சண்டை போட்டுப் பாத்துட்டேன். நீங்க அந்தப் பல்லியத் தொட்டிருக்கீங்களா?"

அவர் கேட்டது பல்லியைப் பற்றி. சொன்னது நெஞ்சைப் பற்றி. இரண்டுமே என் காதில் விழுந்தன. பிற்பாடு எவ்வளவோ முறை யோசித்துவிட்டேன், அப்போது காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. பல்லி கிடக்கட்டும், டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டீ ஆறிக்கொண்டிருந்தது. காலங்காலையில் பல்லிப் புராணமா என்று எரிச்சல். அந்த அம்மாவின் நடுக்கத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. தொல்லை விட்டால் போதும் என்று, "தொட்டிருக்கேன்மா, சின்ன வயசுல. போயி நிம்மதியா டிபன் சாப்பிடுங்க" என்றேன்.

"எந்தக் கையிலங்க?"

பொய் என்றால் முழுசாகச் சொல்லிவிட வேண்டியதுதான். வலது கையைக் காட்டினேன். சாப்பிட்ட கை, கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன், விடவில்லை. சம்பல் ஒட்டிய கையை அப்படியே பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். காரம் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரோடு சிரித்தார். பின்னாலேயே வந்து நின்ற கணவரிடம் திரும்பி, "சரி, வாங்க போலாம், தோசம் போயிருச்சு" என்றார். ஐயா எனக்கு ஒரு கும்பிடு போட்டார். "பெரிய உபகாரமுங்க டீச்சரம்மா. ரெண்டு நாளா இவகிட்ட மல்லுக்கட்டி முடியல."

பாறை அடியில் பழைய தோட்டங்கள், தண்ணீர்த் தொட்டிகள், பிறகு படிகள். படிகளுக்கு முடிவே இல்லை. பாதி உயரத்தில் பாறைக்குழிவில் பூவேந்திய பெண்களின் ஓவியங்கள் இருந்தன. எத்தனையோ நூற்றாண்டு மழைக்குத் தப்பிய நிறம். ஐயா மூச்சு வாங்க நின்று அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கும் மேலே ஒரு வெட்டவெளி, அங்கே பாறையில் செதுக்கிய இரண்டு பெரிய சிங்கப் பாதங்கள். அவற்றுக்கு நடுவிலிருந்துதான் கடைசிப் படிக்கட்டு தொடங்குகிறது. நான் முன்னால் போய் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கண்ணுக்கு எட்டியவரை காடு, மேலே பனி. நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டுத் திரும்பினேன். ஐயா சிங்கத்தின் நகத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பேச்சு இல்லை. வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

தூக்குப் படுக்கையில் வைத்து அத்தனை படியும் இறக்கினார்கள். அந்த அம்மாவும் அவரும் அன்றைக்கே கொழும்புக்குப் போனார்கள், அங்கிருந்து ஊருக்கு. நாங்கள் மிச்ச ஐந்து நாளும் சுற்றிப் பார்த்தோம். ஆமாம், பார்த்தோம். கண்டி, தேயிலை மலைகள், பெயர் மறந்துபோன இரண்டு அருவிகள். முன் இருக்கை காலியாக இருந்தது. அதில் தேனிக்காரர் தன் பையை வைத்துக்கொண்டார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து ஃபோன் வந்தது. "டீச்சர், கோபியில இருந்துங்க. உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கேன். கோயிலெல்லாம் காட்டுவீங்களா?" வாங்கம்மா என்றேன்.

தனியாகத்தான் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். நாட்டுச் சர்க்கரை ஒரு பை கொண்டுவந்திருந்தார். காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"மகன்கிட்டக்கூடச் சொல்லலீங்க. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்ல முடியும். பல்லி வுழுந்தது எந்தலையிலதானுங்களே? அன்னிக்குப் போக வேண்டியது நானு. உங்க கையத் தொட்டு என்னோடத நான் கழிச்சுட்டேன். கழிச்சது எங்க போகும்? பக்கத்துல நின்னவரு மேல போயி வுழுந்துருச்சு. நான் தப்பிச்சுட்டு அவரைக் குடுத்துட்டேனுங்க டீச்சர்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"நீங்க தொட்ட அதே பல்லியைக் காட்டுங்க. அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

எட்டு மாதமாக அந்த மனுஷி இதைச் சுமந்துகொண்டு சோறு தின்றிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அதை இறக்கிவைக்கும் வார்த்தை என்னிடம்தான் இருந்தது. நான் தொட்டதே இல்லை, உங்களிடமிருந்து எதுவும் எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றும் வெளியே வரும். அதற்குப் பயந்து, ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

பெருமாள் கோயிலுக்குள் நூற்றுக்கால் மண்டபம் வரைக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். கல்லிலேயே செதுக்கிய சங்கிலியைக் காட்டினேன், குதிரை வீரர் தூண்களைக் காட்டினேன், குளத்தைக் காட்டினேன். அந்த அம்மா எதையும் பார்க்கவில்லை. "பல்லி எங்கங்க?" என்றார். உள்ளே கூட்டிப்போனேன். ஒரு பிராகாரம் சுற்றினோம், வந்த இடத்துக்கே வந்து நின்றோம். வேறு பக்கம் போனேன், அங்கே கம்பிக்கதவு பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சீட்டுக் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"வெளியூராம்மா?" என்றார் அவர். "இப்படி நேரா போயி படி ஏறிக்கினு, இடதுகைப் பக்கம் திரும்புங்க. ஜனம் நிக்கிது பாருங்க, அதான்."

கோபி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் போய் நின்ற பிறகுதான் கேட்டார். "நீங்க இங்க வந்ததே இல்லீங்களா?"

"இல்லம்மா. நான் பல்லியைத் தொட்டதே இல்ல. அன்னிக்குப் பொய் சொன்னேன். உங்க தோஷம் எதையும் நான் எடுக்கல. அதனால அவர் மேல எதுவும் போயி விழல. நீங்க யாரையும் குடுக்கலம்மா."

"எம்மேல இருந்து போகலீங்களா?"

"போகலம்மா. சத்தியமா."

அவர் முகம் இளகியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டதாக ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன், என் புத்தியைப் பாருங்கள். வரிசை இரண்டடி நகர்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எதையோ கணக்குப் போடுகிறவர் போல விரல்களை மடக்கினார்.

"டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "தொட்டதில்லைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அவரை நான் ரூமை வுட்டே வெளிய வுட்டிருக்கமாட்டனே."

"தெரியும்மா" என்றேன்.

அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. கூரைக்குக் கீழே சின்னப் படிக்கட்டு, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். அவர் ஏறினார். கையை நீட்டி ஒரு பல்லியைத் தொட்டார், பிறகு இன்னொன்றை. எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "அடுத்து நீங்க, ஏறும்மா" என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். நான் ஏறாமல் சுற்றிக்கொண்டு இறங்கும் பக்கம் போய் நின்றேன். இறங்கும் படி சற்று உயரம். அவருக்கு முட்டிவலி உண்டு, சிகிரியாவில் பார்த்திருக்கிறேன். கடைசிப் படியில் தயங்கினார். பிடித்துக்கொள்ளட்டும் என்று வலது கையை நீட்டினேன்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.