வரலாற்றுப் புத்தகத்தின் உறை

புதிய தவணைக்காக மகனின் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். மூலை கோணலாக மடிந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டில் எல்லாருக்கும் இது பகிடி. பழுப்பு நிறப் பிறவுண் தாளின் மணம் மூக்கில் ஏறியிருந்தபோது அவன் சொன்னான்.

“அம்மா, எங்கடை காலத்து வரலாறும் இனிக் கட்டாயப் பாடமாம். அதிலை சித்தியடையாட்டி பள்ளிக்கூடம் முடிச்ச சான்றிதழ் இல்லையாம்.”

“எங்கடை காலம் எண்டா?”

“சண்டைக் காலமும்தான்.”

மடிப்பு கோணிவிட்டது.

நான் படித்தபோது எங்களுக்கு அந்தப் பாடம் நாடு சுதந்திரம் பெற்றதோடு முடிந்தது. அந்தப் பக்கம் வந்ததும் ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு, “மிச்சத்தை நீங்களே பாக்கிறியள்தானே” என்பார். பிறவுண் தாள் கிடைக்காத நாள்கள். பழைய பத்திரிகையில்தான் உறை. உள்ளே இராசாக்களும் வெளியே போன மாதத்துச் செய்தியுமாகச் சுமந்து திரிந்தோம். படையினரின் சோதனைச் சாவடி வந்ததும், எந்தச் செய்தி அவர்கள் கண்ணில் குத்துமோ என்று அந்த உறையும் ஆபத்தாயிற்று. ஆசிரியை சொல்ல, எல்லாரும் கழற்றினோம்.

வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்த செல்வி மட்டும் கழற்றவில்லை. காணாமற்போன அண்ணையைத் தேடி வீட்டார் போட்ட விளம்பரம் வந்த தாள் அது. பத்திரிகைக்குக் கொடுத்த படம் திரும்பவில்லை; மற்றப் படங்களைப் படையினரின் சுற்றிவளைப்புக்குப் பயந்து தாயார் அடுப்பில் போட்டிருந்தார். மிஞ்சிய முகம் அது ஒன்றே. “வீட்டிலை வைச்சா அம்மா பாத்துப் பாத்து அழுறா” என்று, படம் உள்பக்கம் வரும்படி மடித்திருந்தாள்.

ஒரு காலை, நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு மானிப்பாயிலிருந்து வந்த பஸ்ஸைச் சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்.

“கழட்டி எறியடி” என்றேன், உதடு அசையாமல்.

“ஆரை எறியச் சொல்லுறாய்?”

படைவீரன் புத்தகத்தை உதறினான். மடிப்புக்குள் விரலை விட்டு இழுத்தான். முகம் வெளியே வந்தது.

“யாரு இது?”

“அண்ணை.”

“எங்க?”

“அதைத்தான் கேட்டுப் போட்டிருக்கு.”

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் நீட்டினான்.

“அதைத் தாங்கோ” என்றாள் செல்வி. அவன் அடுத்தவருடைய பையைத் திறந்துகொண்டிருந்தான். நான்தான் அவளைக் கையில் பிடித்து பஸ்ஸுக்கு இழுத்து வந்தேன்.

சாவடி இருந்த இடத்தில் இப்போது பழக்கடை. அந்தப் பத்திரிகையும் நின்றுவிட்டது. அதன் காரியாலயத்தில் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களும் சண்டையில் எரிந்துபோயின. மகனின் புத்தகங்களுக்கு உறை போட்ட அன்று பின்னேரம் செல்விக்குப் போன் எடுத்துப் புதிய பாடத்தைப் பற்றிச் சொன்னேன்.

“படங்களும் போடுவினமோ?”

“போடுவினமாக்கும்.”

“அண்ணை தலை சீவேக்கை இடக்கைப் பக்கம் உச்சி பிரிக்கிறவர். அது ஞாபகம் இருக்கு” என்றாள். “மூக்குத்தான் கண்ணுக்குள்ளை வருகுதில்லை.”