எங்கள் தெரு கொட்டடி என்று சொன்ன கட்டடம்

தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியின் பழைய கட்டடத்தைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். தன் நாட்டில் தான் படித்த பல்கலைக்கழகக் கட்டடத்தைப் போலவே கூரான வளைவுகளும் வண்ணக் கண்ணாடியுமாக எழுப்பி, அதன் பெயரையே இதற்கும் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரை வாய் குழறாமல் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் அதற்குக் கொட்டடி என்று பெயர். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்களைப் போலீஸ் பிடித்தபோது, ஸ்டேஷனில் இடம் போதாமல் அங்கேதான் அடைத்தார்கள். கல்லூரிக்கு அப்போது விடுமுறை. பிடிபட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். உயிரோடு திரும்பவில்லை. நான் கைக்குழந்தை.

வளர்ந்தபின் அதே கட்டடத்தில்தான் எனக்கு வகுப்பு. அவரை எந்த அறையில் வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா அறையிலும் அவர் இருந்தார். பாடம் நடக்கும்போது பின்பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும். திரும்பினால் சுவர்தான். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இருந்தால் முகத்தைக் காட்டித் தொலைக்க வேண்டியதுதானே! அம்மாவோ கல்லூரிப் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏறமாட்டாள்.

தெருவுக்கும் பாலத்துக்கும் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த ஆட்சி அது. எங்கள் கட்டடத்துக்கும் புதுப்பெயர் வேண்டும், மாணவர்களும் சொல்லலாம் என்றார்கள். தலைவர்களின் பெயர்களாகக் குவிந்தன. எனக்கு ஒரே வெறி, அப்பாவின் பெயர் அந்த வாசலில் ஏறவேண்டும். நடக்கிற காரியமா என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள்.

வீட்டில் சொன்னேன். நடவு முடிந்து வந்த அம்மா கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி."

"ஏம்மா? அவரு பேரு இருந்தா யாருன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல?"

அப்போதுதான் சொன்னாள். அப்பாவை அங்கே அடைத்திருந்த அன்று தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போயிருக்கிறாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். பெயரைச் சொன்னால் கூப்பிட்டு விடுகிறேன் என்றிருக்கிறார். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். "எம் புள்ளையோட அப்பா" என்றே இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த எல்லாரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான். பெயரைச் சொல்லச் சித்தப்பாவை அழைத்துவர ஊருக்கு ஓடினாள். இருவரும் வந்து சேர்ந்தபோது, அப்பாவின் உடலை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உசுரோட இருந்தப்ப என் வாயில வராத பேரு, இப்ப செவுத்துல வந்து என்னடி பண்ணப்போவுது?"

நான் எந்தப் பெயரும் கொடுக்கவில்லை.