உப்புப் பார்த்தவர்

எங்கள் காணியின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மீனவக் குடும்பம். கணவனும் மனைவியும்தான். அந்த மாரியில் அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவானதும் அந்தத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு என் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எங்கட அடுப்புக்குள்ள தண்ணி நிக்குது. கோயிலால வாறவைக்கு ஏதாவது பொரிச்சுக் குடுக்கவேணும். உங்கட குசினியத் தருவீங்களோ?"

"தாறன். மீன் கட்லட்தானே போடுவாய்?"

"இல்லையக்கா. நீங்கள் கந்தசஷ்டி விரதம். இந்தக் குசினிக்குள்ள மச்சம் வேண்டாம். வடையும் வாழைக்காய்ப் பஜ்ஜியும் போடுவம்."

நான் பரவாயில்லை என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை.

கடலைப்பருப்பு கிடைக்காத காலம் அது. கௌபிப் பயறு தோட்டத்திலேயே விளைந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஊறப்போட்டு, விடியவே எழும்பி உரலில் போட்டு இடித்தோம். வலை இழுத்த கை. அவன் நாலு இடி இடித்தால் கௌபி மாவாய்ப் போகும். "மெல்ல, மெல்ல. வடைக்குப் பருப்பு பல்லில படவேணும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, முதல் வடையை எண்ணெயில் விட்டேன். அது அப்படியே கரைந்து பரவியது. தண்ணீரை வடிய விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கை அரிசிமா போட்டதும் பிடித்துக்கொண்டது.

விரதம் நாலாம் நாள். பின்னேரம் பாலும் பழமும் மட்டும். ஆகையால் நான் எதையும் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. வடைக்கும் அவன்தான் உப்புப் பார்த்தான், பஜ்ஜிமாவுக்கும் அவன்தான். தேங்காயும் பச்சை மிளகாயும் அம்மியில் அரைத்துச் சட்னியை வழித்தேன். அவர்கள் பக்கத்தில் அதற்குச் சம்பல் என்றுதான் பெயர். என் பெற்றோர் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். எனக்கு அது சட்னிதான்.

"உப்புக் காணுமோ எண்டு பார், தம்பி."

நக்கிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

போட்டேன்.

"இன்னும் ஒரு கிள்ளு."

அதையும் போட்டேன். "இப்ப நல்லாயிருக்கு" என்றுவிட்டு, வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு மனைவி பிள்ளையோடு கோயிலுக்குப் போனான்.

பத்து மணிக்கு மழையோடு மழையாக நாற்பது பேர் வந்தார்கள். முன்பந்தல் ஒழுகியது. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரைக் கதிரையில் இருத்தி, அவருக்கு மேலே ஒருவர் குடை பிடித்தார். தட்டுகளை வெளியே அனுப்புவதற்கு முன் பிள்ளையின் தாய் ஒரு வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தாள். கண்ணை இறுக மூடினாள்.

"அக்கா, வடை பரவாயில்லை. இந்தச் சம்பலுக்கு ஆர் உப்புப் பார்த்தது?"

நான் அவனைக் காட்டினேன்.

"இவரிட்டயோ கேட்டனீங்கள்? இவர் கருவாட்டையே உப்புக் காணாது எண்டு சொல்லுற ஆள்."

அவன் தன் பங்குக்கு இன்னொரு தரம் தொட்டு நக்கிப் பார்த்தான். "எனக்குச் சரியாத்தான் கிடக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்து அடுப்படியிலேயே குந்திவிட்டேன்.

உப்பை எடுக்க முடியாது; தேங்காயைக் கூட்டலாம். என் கணவர் மழையில் நனைந்து நாலு தேங்காய் பொறுக்கிவந்து உரித்தார். அவரே துருவினார். ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு அவன் அம்மியடியில் உட்கார்ந்து அரைத்தான். பிள்ளை என் மடியில் நித்திரை. இந்த முறை தாய்தான் உப்புப் பார்த்தாள். தேசிக்காய் பிழிந்ததும், "இப்ப ஆக்களுக்குக் குடுக்கலாம்" என்றாள்.

சட்னி இப்போது ஒரு பானை நிறைய இருந்தது. மழை பலக்க, பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குசினிக்குள் நுழைந்தார்கள். பிறகு தட்டுக்கு வேலையே இல்லை. நான் எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்க, சுடச்சுடப் பஜ்ஜியை ஊதி, நேரே பானைக்குள் தோய்த்தார்கள். சுவாமியாரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கடற்கரை ஊரில் ஆறு பிள்ளை பெற்று வளர்த்த ஒரு அம்மா, மீன் இல்லாமலும் இப்படி ஒரு ருசி இருக்கோ என்று கேட்டு, நாலாவது வடையை எடுத்தார்.

எனக்குப் பசி தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். வாசம் மூக்கில் ஏற ஏற வயிறு கத்தியது. ஆனால் இருமி, சிரித்து, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தனை பேர் என் குசினிக்குள் நெருக்கியடித்து நின்றது அன்றைக்குத்தான். மா முடிந்தது என்று சொல்ல மனமில்லாமல், சட்டியில் ஒட்டியதை வழித்துக் கடைசியாக ஐந்து சின்ன வடை சுட்டேன்.