நாலடியும் அக்காவின் சந்தேகமும்

முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். நாய்க் காப்பகத்துக்கு நன்கொடை தர வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, அக்காவின் பார்வை தரையிலிருந்துதான் மேலேறும். செருப்பு பளபளவென்று இருந்தால் தீர்ந்தது. "போட்டோவுக்கு வந்திருக்கு," என்று என் காதைக் கடிப்பார்.

காப்பகத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான்; பதினெட்டு வருடமாக அங்கே கூண்டு கழுவி, சோறு வைக்கிறவர். கூண்டைப் பூட்டிவிட்டு, போன வழியே திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிஸ்கட் பாக்கெட் யார் கொடுத்தாலும், தான் ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகுதான் நாய்க்கு. பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு, வாரம் ஒருநாள் உதவப் போகும் என்னையும் விட்டுவைத்ததில்லை. "எழுதுறீங்களே, அதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

சந்தேகம் சும்மா வரவில்லை. காப்பகத்துக்குப் பின்னால் காலி மனை ஒன்று, முட்புதர் மண்டிக் கிடந்தது. வேலி போட்டுச் சீராக்கினால் நாய்கள் ஓடியாடலாம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார். அவர் பெயர்ப்பலகை வந்தது, வேலி வரவில்லை. அந்தப் பலகையில்தான் அக்கா தரைத்துணி காயப்போடுகிறார்.

அதற்குள் 'நாலடி' கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு காது மடிந்த பழுப்பு நாய். ஐந்து வருடமாகக் கூண்டில் நான்கு அடி நடக்கும், திரும்பும். மறுபடி நான்கு அடி, திரும்பும். வெளியே கூட்டிப்போனாலும் அதேதான். "இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா இதுக்கு ஓட்டமே மறந்துரும்," என்பார் அக்கா. அதை வாசலில் கட்டிவிட்டுப் போனவனைத் தினமும் வாய் நிறையத் திட்டுவார்.

நாலடியின் படத்தோடு பத்திரிகையில் உதவி கேட்டோம். மறுவாரமே ஒரு பல் டாக்டர் வந்தார். தேய்ந்த செருப்பு. பின்மனையை மைதானமாக்கும் செலவு முழுக்கத் தன்னுடையது, பெயர் மட்டும் போட வேண்டாம் என்றார். கூண்டுப் பக்கம் கூப்பிட்டதற்கு வரவேயில்லை. அவ்வளவுதான், அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

"பேரு போடுன்னு சொல்றவனைக்கூட நம்பலாம். வேணாங்கிறவன்தான் விவகாரமான ஆளு."

ஆட்கள் நட்ட ஒவ்வொரு வேலித்தூணையும் ஆட்டிப் பார்த்தார். அதுவும் போதாமல், இல்லாத பல்வலியை வரவழைத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்கே கிளம்பிவிட்டார். துணைக்கு நான்! டாக்டர் விளக்கைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.

"பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா. என்ன கேக்கணுமோ, நேராவே கேளுங்க."

"எதுக்குப் பேரு வேணாம்?" என்றார் அக்கா, வாயில் பஞ்சோடு.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அந்தப் படத்துல இருந்தது என் நாய். புது வீட்ல நாய் கூடாதுன்னுட்டாங்க. உங்க வாசல்ல கட்டிட்டு வந்துட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அது முன்னாடி வந்து நிக்கறது?"

அக்கா பஞ்சைத் துப்பினார். ஐந்து வருட வசவும் நாக்கு நுனியில் நின்றது எனக்குத் தெரிந்தது. சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டார். திட்டெல்லாம் வழி நெடுக எனக்குத்தான் விழுந்தது.

மைதானம் திறந்த காலையில் டாக்டர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். அக்கா நாலடியை நடு மைதானத்துக்குக் கொண்டுபோனார். புல்லில் அது நான்கு அடி நடந்தது. திரும்பியது. மறுபடி நான்கு அடி.

"இவ்ளோ இடம் கெடக்கேடா, ஓடேன்டா!" என்று அக்கா கெஞ்சினார். அது திரும்பிக்கொண்டே இருந்தது.

அக்கா வேலிப் பக்கம் பார்த்தார். முதலில் செருப்பை, அப்புறம் முகத்தை. நாலடியோடு போய்க் கதவைத் திறந்தார். டாக்டரின் கையில் கயிற்றைத் திணித்து, அவரை உள்ளே விட்டு, வெளியிலிருந்து பூட்டினார். பிறகு, பூட்டை இழுத்துப் பார்க்காமலே, கூண்டு கழுவப் போய்விட்டார்.