ராஜா ராணியான கோடை

இந்தக் கோடையில் என் கையால் ஓர் உயிர் போய்விட்டது. வேண்டுமென்றா செய்தேன்? ஒரு ஸ்விட்சை அணைத்தேன், அவ்வளவுதான்.

குவைத்தில், எங்கள் மங்காஃபில், ஜூலை வந்தால் மனைவி, பிள்ளைகள் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். கணவன்மார் டியூட்டியும் தயிர்சாதமுமாக இங்கே. கிளம்பும்போது என் பத்து வயது மகள் நிலா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, ராணியையும் ராஜாவையும் பத்திரமா பாத்துக்கோ. ப்ராமிஸ்?"

ஹாலில் தொட்டி வைத்து அவள் வளர்க்கும் க்ளவுன் மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது ராணி. சின்னது ராஜா, அவனுக்கு நடுப்பட்டை பாதியில் அறுந்திருக்கும்.

இங்கே வெளியே போனாலும் யாரும் ஏசியை அணைப்பதில்லை. ஆனால் நான் திருச்சிக்காரன். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே மனசு அடித்துக்கொள்ளும். ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது கை தன்பாட்டுக்கு ஏசி ஸ்விட்சைத் தட்டிவிட்டது. சாயங்காலம் வந்தால் தொட்டித் தண்ணீர் ரசம் மாதிரி சுடுகிறது. ராணி மிதந்துகொண்டிருந்தாள். ராஜா ஓரமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீனுக்காகவா, நிலாவுக்காகவா... இரண்டுக்கும்தான்.

கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக் காதர் பாயிடம் ஓடினேன். கடைக்குள்ளேயே மீன் தொட்டி வைத்திருப்பவர்.

"பாய், அவசரமா ஒரு பொம்பளை மீன் வேணும்."

"எதுக்கு சார்? இந்த மீன் பொறக்கும்போது எல்லாமே ஆம்பளைதான். பெரிசா வளர்றது பொம்பளையாயிடும். அது போச்சுன்னா புருசன் அந்த எடத்துக்கு வந்துடும். சின்னதா ஒண்ணு தர்றேன், கூட வுடுங்க. உங்க ராஜாவே ராணியாயிடும்."

"அதெப்படி பாய்..."

"ஏன் சார், இருவது வருசமா என் ரூமுக்கு நான்தானே பொண்டாட்டி."

அப்படியே நடந்தது. ராஜா பருத்தான்... இல்லை, பருத்தாள். புதுசை விரட்டி விரட்டி அதிகாரம் செய்தாள். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு நேரமில்லை. சமையலறை டப்பாக்களை என் இஷ்டத்துக்கு வரிசை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் போன் கார்டில் பேசும்போது நிலா கேட்பாள்: "ராணி சாப்பிட்டாளா?"

"ம்... நல்லா" என்பேன். நாக்கு கூசும்.

செப்டம்பரில் வந்து இறங்கினார்கள். நிலா ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். ஒரே பார்வைதான்.

"அப்பா, திஸ் இஸ் ராஜா. பட்டை அறுந்திருக்கு. ராணி எங்கே?"

சாம்பார் கிண்டிய கரண்டியோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி மேலேயே அந்த அறுந்த பட்டையை விரலால் தடவினாள்.

"அப்போ ராஜாவே அம்மாவாயிட்டானா? ரெண்டே மாசத்துலயா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சமையலறையில் டப்பா உருளும் சத்தம்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கரண்டியும் கையுமாகக் கத்தினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தாள். நிலா சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஒரு தடவை பெண்ணாகிவிட்ட மீன் திரும்ப ஆணாகாதாம். எனக்குத்தான் கொடுப்பினை இல்லை... கரண்டியை அன்றைக்கே மனைவி பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.